கோலனுக்குப் பிறகு காலி: லேப் சர்வரிலிருந்து விண்டோ வராமல் போனதன் முழு விவரம்

திங்கட்கிழமை காலை லேப் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எம்.இ. மாணவர்கள் மூன்று பேர் வந்து நின்றுவிட்டார்கள். "சார், சர்வர்ல லாகின் ஆகுது, ஆனா வேவ்ஃபார்ம் விண்டோ வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா ஓடுச்சு." யாராவது எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் யாரும் எதையும் தொடவில்லை. அது முழு உண்மை, அதனால்தான் காரணத்தைப் பிடிக்க ஒன்றரை நாள் ஆனது.

அமைப்பு இதுதான். பொறியியல் கல்லூரி ஒன்றின் மின்னணுவியல் துறை லேப். சர்வர் பக்கத்து அறையில் ரேக்கில் இருக்கிறது, உபுண்டு 20.04, மானிட்டர் கிடையாது. மாணவர்கள் உட்காரும் மெஷின்களிலும் உபுண்டுதான். சர்க்யூட்டை வெரிலாக் என்ற மொழியில் எழுதி, ஐகரஸ் என்ற நிரலில் கம்பைல் செய்து, வரும் வேவ்ஃபார்மை, அதாவது சிக்னல்கள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படத்தை, ஜிடிகேவேவ் என்ற நிரலில் பார்ப்பார்கள். இது எல்லாமே சர்வரில்தான் ஓடும், விண்டோ மட்டும் மாணவர் முன்னால் இருக்கும் திரையில் வரும். வேறு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் பெரிய எக்ஸ் ஆப்ஷனைச் சேர்த்து லாகின் செய்தால் போதும், மற்றது தானாக நடக்கும். தானாக நடப்பதாலேயே உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை, நின்றுபோனால் எங்கே தொடுவது என்றும் தெரிவதில்லை.

அதனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-ல் எம்ஐடியில் பிறந்தது, இன்று நாம் பயன்படுத்தும் பதினோராம் பதிப்பு 1987-ல் வந்தது. நெட்வொர்க் வழியே வேறு மெஷினின் திரையில் வரைய முடியும் என்பது ஆரம்பத்திலேயே அதில் இருந்த யோசனை. குழப்பம் பெயரில்தான். திரையும் கீபோர்டும் மவுஸும் எந்த மெஷினில் இருக்கிறதோ அங்கே ஓடுவதுதான் எக்ஸ் சர்வர். ரேக்கில் இருக்கும் பெரிய மெஷினில் ஓடும் ஜிடிகேவேவ் அதற்கு வெறும் கிளையன்ட். அதாவது எஸ்எஸ்ஹெச் கணக்கில் மாணவரின் மெஷின் கிளையன்ட், எக்ஸ் கணக்கில் அதே மெஷின் சர்வர். இந்தத் திசை மனதில் பதியாதவரை எந்தக் கோளாறையும் தேட முடியாது, ஏனென்றால் "சர்வரில் பிரச்சினை" என்று ஒருவர் சொல்லும்போது அவர் எந்த சர்வரைச் சொல்கிறார் என்றே தெரியாது.

ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் உண்டு. டிசிபியில் அதற்கான போர்ட், 6000-உடன் அந்த எண்ணைக் கூட்டினால் வருவது. எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகும்போது, ரேக் மெஷினில் லாகின்களை ஏற்கும் எஸ்எஸ்ஹெச்டி என்ற நிரல் தன்னை ஓர் எக்ஸ் சர்வர் போலக் காட்டிக்கொண்டு ஒரு போர்ட்டைப் பிடித்து உட்காரும். வழக்கமாக 10-ம் எண்ணிலிருந்து தொடங்கும், ஆகவே போர்ட் 6010. அதுவும் மெஷின் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் லூப்பேக்கில் மட்டும், வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. பிறகு டிஸ்பிளே என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் "லோக்கல்ஹோஸ்ட்:10.0" என்று எழுதிவிடும். ஜிடிகேவேவ் அதைப் படித்து அந்தப் போர்ட்டில் பேசும், பேச்சு என்கிரிப்ட் ஆகி மாணவரின் மெஷினுக்குப் போய் அங்கே திரையில் விழும். அவ்வளவுதான்.

இனி நான் தொலைத்த அரை நாள். மூவரில் முதலில் நான் போய்ப் பார்த்தது இரண்டாவது மாணவரின் திரையை. அவருடைய பிழைச்செய்தியில் டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்றும், கோலனுக்குப் பிறகு அவர் உட்கார்ந்திருந்த மெஷினின் ஐபி முகவரியும் பூஜ்ஜியமும் இருந்தன. சரி, முகவரி தெரிகிறது, எட்ட முடியவில்லை, அப்படியானால் ஃபயர்வால் என்று முடிவுகட்டினேன். சர்வரிலிருந்து அந்த மெஷினின் 6000-ம் போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன், மறுத்தது. ஃபயர்வாலைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன், நெட்வொர்க்கின் உட்பிரிவான விலேன் மாறியிருக்கிறதா என்று நெட்வொர்க் அண்ணாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மதியம்வரை இதுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்து முதல் மாணவரின் திரையில் ஒரு கடிகார நிரலை ஓட்டச் சொன்னேன். எக்ஸ்கிளாக் என்று ஒரு சின்ன நிரல், விண்டோ வருகிறதா என்று பார்க்க அதைவிட எளிதானது இல்லை. அதே பிழைச்செய்திதான் வந்தது, ஆனால் கோலனுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. காலி இடம், வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. மூன்றாவது மாணவருக்கும் அப்படியே காலி.

ஏன் ஒருவருக்கு மட்டும் முகவரி இருந்தது? கேட்டபோது சொன்னார், காலையில் விண்டோ வராததால் சீனியர் வாட்ஸப்பில் அனுப்பிய வரியைத் லாகின் செய்யும்போது தானே ஓடும் தன் பேஷ்ஆர்சி கோப்பில் சேர்த்தாராம், டிஸ்பிளேயைத் தன் மெஷினின் ஐபிக்குக் கையால் வைக்கும் வரி. கூடவே, திரையோடு இணைய யாருக்கு அனுமதி என்று சொல்லும் எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைக்கு ஒரு பிளஸ் போட்டு எல்லாருக்கும் அனுமதி கொடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜிடிகேவேவே தொடங்க முடியாதபோது டிஸ்பிளேயையும் எக்ஸ்ஹோஸ்டையும் வைத்திருக்கிறாயா என்றுதான் கேட்கிறது, பையன் அதை அப்படியே செய்தார்.

இதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, 2015-ல் வந்த எக்ஸ்.ஆர்க் சர்வரின் 1.17-ம் பதிப்பிலிருந்து எக்ஸ் சர்வர்கள் இயல்பாக டிசிபியில் காது கொடுப்பதே இல்லை. ஆகவே அந்த வரி எங்கள் லேப்பில் ஒருநாளும் வேலை செய்திருக்காது, 6000-ம் போர்ட் மறுத்ததும் இதனால்தான், ஃபயர்வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு, எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்பது மிக ஆபத்தான பழக்கம். எக்ஸ் சர்வரோடு இணைய அனுமதி பெற்ற எந்த நிரலும் மற்ற விண்டோக்களில் அடிக்கும் எழுத்துகளைப் படிக்க முடியும், திரையைப் படம் எடுக்க முடியும். பாஸ்வேர்ட் அடிக்கும் மெஷினில் அதைச் செய்யவே கூடாது. எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. டிஸ்பிளே வேரியபிளை எஸ்எஸ்ஹெச்டிதான் வைக்க வேண்டும், கையால் வைத்தால் நோய்க்குறியை மறைத்ததாகத்தான் ஆகும். எனக்கு அரை நாள் போனது அப்படித்தான்.

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி லாகின் செய்ததும் அவருக்கும் காலி. இப்போது கேள்வி மாறிவிட்டது. திரையை ஏன் எட்டவில்லை என்பது கேள்வியே இல்லை, எஸ்எஸ்ஹெச்டி ஏன் டிஸ்பிளேயை வைக்கவே இல்லை என்பதுதான் கேள்வி. அப்படி வைக்காமல் போவதற்குக் காரணங்கள் கொஞ்சம்தான். கேட்பவர் எக்ஸ் ஆப்ஷன் போடாமல் வந்திருக்கலாம், அல்லது அவருடைய மெஷினிலேயே டிஸ்பிளே இல்லாமல் இருக்கலாம், இரண்டும் இங்கே இல்லை. சர்வரில் எக்ஸ் ஃபார்வர்டிங், அதாவது விண்டோவை இப்படி எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பும் வசதி, அணைந்திருக்கலாம். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி (T) ஆப்ஷனோடு ஓட்டினால் அது உண்மையில் எந்த அமைப்போடு ஓடும் என்று முழுக்கக் காட்டும், கோப்பைத் திறந்து கண்ணால் தேடுவதைவிட இது நம்பகமானது. பார்த்தேன், ஃபார்வர்டிங் இயங்குகிறது. அப்புறம், திரைக்கான அனுமதியை எழுதிவைக்கும் எக்ஸ்ஆத் நிரல் சர்வரில் இல்லாமல் இருக்கலாம், குறைந்தபட்ச நிறுவலில் இது அடிக்கடி விடுபடும். அதுவும் இருந்தது.

எஸ்எஸ்ஹெச்சில் வி ஆப்ஷன் போட்டு மாணவரை மறுபடி உள்ளே வரச் சொன்னேன். நீண்ட உரையாடலின் கடைசியில் ஒரு வரி: சேனல் பூஜ்ஜியத்தில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் வேண்டுகோள் தோற்றது. கேட்டிருக்கிறார், சர்வர் முடியாது என்றிருக்கிறது, காரணம் சொல்லவில்லை. காரணம், லாகின் விவரங்கள் பதியும் சர்வரின் ஆத் லாகில் இருந்தது. இன்டர்நெட் டொமைன் எக்ஸ்11 டிஸ்பிளே சாக்கெட்டை, அதாவது போர்ட்டில் காத்திருக்கும் இணைப்புமுனையை, ஒதுக்க முடியவில்லை என்று, காலை முதல் ஒவ்வொரு லாகினுக்கும் ஒன்றாக, வரிசையாக. காலையிலேயே அந்த லாகைத் திறந்திருந்தால் ஃபயர்வால் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சாக்கெட் ஒதுக்க முடியவில்லை என்றால் 6010-ஐ வேறு யாரோ பிடித்திருக்கிறார்களா? இல்லை, எந்தப் போர்ட் யாரிடம் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தேன், 6000-லிருந்து 6999 வரை எல்லாமே காலி. அப்புறம் எதைப் பிடிக்க முடியவில்லை என்கிறது? அன்று மாலை அதோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை இன்னொரு எஸ்எஸ்ஹெச்டியை 2222-ம் போர்ட்டில் டிபக் முறையில் தனியாக ஓட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்ஹெச்டியைத் தொடாமல் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்திப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. மூன்று சின்ன டி (d) போட்டுத் தொடங்கினால் உள்ளே நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். மாணவரை அந்தப் போர்ட்டில் வரச் சொன்னேன். என் டெர்மினலில் 6010-ல் பைண்ட் செய்ய, அதாவது போர்ட்டைப் பிடிக்க, முடியவில்லை, கேட்ட முகவரியை ஒதுக்க முடியாது என்று ஒரு வரி. உடனே 6011, அதே செய்தி. 6012. திரை நிற்காமல் ஓடியது, நூற்றுக்கணக்கான வரிகள், 6999 வந்துதான் நின்றது, அதன் பிறகுதான் அந்த ஒதுக்க முடியவில்லை என்ற வரி. போர்ட் வேறு யாரிடமோ இருக்கிறது என்று அது சொல்லவில்லை, முகவரியே இல்லை என்கிறது. லூப்பேக்கில் 127.0.0.1, அதாவது பழைய ஐபிவி4 முறையின் முகவரி, இல்லாத மெஷினை நான் பார்த்ததில்லை. அப்படியானால் இல்லாத முகவரி எது?

புதிய ஐபிவி6 முறையின் முகவரி இருக்கிறதா என்று, ஐபி கட்டளையில் 6 போட்டு லூப்பேக்கைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஐபிவி6 லூப்பேக் முகவரி, இரண்டு கோலனும் ஒன்றும் இருக்க வேண்டிய இடம், காலி.

இப்போது எல்லாம் சேர்ந்தது. எங்கள் சர்வரில் இருந்த எஸ்எஸ்ஹெச்டி பதிப்பு, ஒரு டிஸ்பிளே எண்ணை எடுத்ததும் ஐபிவி4 லூப்பேக், ஐபிவி6 லூப்பேக் இரண்டிலும் அந்தப் போர்ட்டைப் பிடிக்கப் பார்க்கும். ஒன்றில் பைண்ட் தவறினால் வேறு யாரோ அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, பிடித்ததையும் விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும். நியாயமான எச்சரிக்கைதான், பாதி போர்ட் வேறொருவர் கையில் இருக்கும் டிஸ்பிளே ஆபத்தானது. ஆனால் அந்த மெஷினில் ஐபிவி6 முகவரியே இல்லையென்றால் ஒவ்வொரு எண்ணிலும் தவறும், 999 வரை போய்க் கைவிரித்துவிடும்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு, இதைத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய விஷயம். ஐபிவி6-ஐ பூட் செய்யும்போதே லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லி முழுக்க அணைத்தால் இந்தக் கோளாறு வராது. அப்போது ஐபிவி6 சாக்கெட்டை உருவாக்குவதே முடியாது, எஸ்எஸ்ஹெச்டி அதைப் புரிந்துகொண்டு ஐபிவி4-ஐ மட்டும் வைத்து நடத்திக்கொள்ளும். ஓடும் கர்னலின் அமைப்பை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் வழியாக அணைத்தால்தான் வம்பு. கர்னலில் ஐபிவி6 உயிரோடு இருக்கிறது, சாக்கெட் உருவாகிறது, முகவரிகள் மட்டும் இல்லை. கதவு இருக்கிறது, உள்ளே வீடு இல்லை என்கிற மாதிரி.

அந்தச் சிஸ்கன்ட்ரோல் கோப்பைப் போட்டது நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளைக்கு அப்டேட் கொடுத்தால் எட்ட முடியாத ஐபிவி6 முகவரிகளைத் தட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று, ஆல், டிஃபால்ட், லோ (லூப்பேக்) என மூன்று வரி எழுதி ஐபிவி6-ஐ அணைத்து வைத்தேன். கோப்பை எழுதினேனே தவிர உடனே அமலாக்கவில்லை, அடுத்த பூட்டில் வரட்டும் என்று விட்டுவிட்டேன், பிறகு மறந்தும் போனேன். சனிக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன். காலை ஒன்பதிலிருந்து மாலைவரை மின்சாரம் இல்லை, யுபிஎஸ் தாங்கும்வரை தாங்கி சர்வர் அணைந்தது, கரண்ட் வந்ததும் தானே எழுந்தது, மூன்று வாரம் தூங்கிய மூன்று வரியும் அப்போது விழித்துக்கொண்டன. லாகின் மட்டும் பழுதில்லாமல் வந்ததற்குக் காரணம், லாகினுக்கான 22-ம் போர்ட்டில் எஸ்எஸ்ஹெச்டி ஐபிவி4-இலும் காத்திருந்தது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எஸ்எஸ்ஹெச்டி அமைப்பில் அட்ரஸ்ஃபேமிலி என்பதை ஐநெட் என்று வைத்தேன், அதாவது ஐபிவி4 மட்டும் பார். இதைச் செய்கிறவர்கள் ஏற்கெனவே திறந்த ஒரு லாகினை மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள், சின்ன டி (t) ஆப்ஷனில் அமைப்பைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓர் எழுத்து தவறினால் ரேக்குக்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். மாணவர் வெளியே போய் உள்ளே வந்தார், டிஸ்பிளேயில் 10.0, எக்ஸ்கிளாக் முள்ளோடு வந்து நின்றது. அன்று மாலையே சிஸ்கன்ட்ரோலின் மூன்று வரியையும் எடுத்துவிட்டு, ஆப்ட் மட்டும் ஐபிவி4 பயன்படுத்தும்படி அதன் அமைப்பில் எழுதினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதைத்தான். பிறகு அட்ரஸ்ஃபேமிலி வரியையும் எடுத்து, நானே ரீபூட் செய்து பார்த்தேன். விண்டோ வந்தது.

ஆனால் இதோடு முடியவில்லை. பெரிய கோளாறு விலகியதும் அதன் பின்னால் நின்ற சின்னவை தெரிய ஆரம்பித்தன.

ஒரு மாணவருக்கு மட்டும் இன்னும் விண்டோ வரவில்லை. இவர் விஷயம் வேறு, டிஸ்பிளே இருக்கிறது, அனுமதி இல்லை. ஃபார்வர்டிங்கின்போது அனுமதிச் சீட்டு போன்ற 128 பிட் குக்கி ஒன்றை, பதினாறின் அடிமானத்தில் 32 இலக்கம், சர்வரில் அவரது ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பில் எழுத வேண்டும். அவருக்கு ஒதுக்கிய டிஸ்க் இடமான கோட்டா முழுக்க சிமுலேஷன் கோப்புகளால் நிரம்பியிருந்தது, ஒரு பைட்கூட எழுத இடமில்லை. பழைய வேவ்ஃபார்ம் கோப்புகளை அழித்ததும் சரியானது. லாகின் செய்யும்போதே எக்ஸ்ஆத் தன் கோப்பைப் பூட்ட முடியவில்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை.

அடுத்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. தன் சொந்த லேப்டாப்பில் வேறு லினக்ஸ் வைத்திருக்கிறார். அவர் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை: "சார், திறந்த விண்டோ எல்லாம் நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு புது விண்டோ திறந்தா மட்டும் வரமாட்டேங்குது." நம்பாததைப் பார்த்து, மறுநாள் நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டு வந்தார். 9:15 லாகின், 9:30-க்குப் புது விண்டோ வந்தது, 9:40-க்கு வரவில்லை. மதியம் 2:05 லாகின், 2:20-க்கு வந்தது, 2:30-க்கு வரவில்லை. இப்படி எழுதிக்கொண்டு வருகிற மாணவர்கள் கிடைப்பது அபூர்வம், அந்த நோட்டைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது. பெரிய எக்ஸ் ஆப்ஷன் என்பது நம்பிக்கை இல்லாத ஃபார்வர்டிங், அதற்கு எஸ்எஸ்ஹெச் இயல்பாக 20 நிமிடக் கெடு வைக்கிறது. அதற்குள் திறந்தவை ஓடும், அதன் பிறகு வரும் புது இணைப்புகளை மறுத்துவிடும். லேப்பில் யாருக்கும் இது வராததற்குக் காரணம், டெபியனும் உபுண்டுவும் நம்பிக்கையான முறையைத் தாங்களே இயல்பாக வைத்துவிடுகின்றன, அங்கே பெரிய எக்ஸும், நம்பிக்கையான முறையைக் கேட்கும் பெரிய ஒய்யும் ஒன்றுதான். அவருடைய லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச்சின் மூல இயல்பு அப்படியே இருந்தது.

பெரிய ஒய் போடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அப்படிச் செய்தால் சர்வரில் ஓடும் நிரல்கள் அவருடைய லேப்டாப்பில் மற்ற விண்டோக்களில் அடிக்கும் எழுத்தையும் பார்க்க முடியும், சர்வரின் ரூட் அனுமதி யார் கையில் இருக்கிறதோ அவர்களாலும் முடியும். எங்கள் சர்வர் எங்கள் பொறுப்பில் இருப்பது, அதனால் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் அவருடைய எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் நம்பிக்கையை எழுதிக் கொடுத்தேன். மற்ற மெஷின்களுக்குப் போகும்போது பழையபடியே இருக்கட்டும்.

கடைசியாக, வீட்டிலிருந்து வருபவர்கள். கல்லூரி விபிஎன் வழியாக வந்தால் ஜிடிகேவேவ் திறக்கிறது, ஆனால் மெனுவைத் தொட்டால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இது கோளாறு இல்லை, எக்ஸின் இயல்பு. ஒரு விண்டோ திறக்க நிரலும் திரையும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், பதில் வரும்வரை நிரல் நிற்கும். கணக்குக்கு 400 கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்பில் போய்வர அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 0.2 செகண்ட். வீட்டிலிருந்து 45 மில்லிசெகண்ட் என்றால் 18 செகண்ட். எத்தனை வேகமான இணைய பிளான் போட்டாலும் இது குறையாது, கம்பிரஷன் ஆப்ஷனும் இதற்கு உதவாது, ஏனென்றால் தாமதம் தூரத்தில் இருக்கிறது, அளவில் இல்லை.

அதனால் அவர்களுக்கு விஎன்சி. சர்வரிலேயே ஒரு கண்ணுக்குத் தெரியாத திரையை ஓடவிட்டு, அதன் படத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது. கேள்வி பதில் எல்லாம் ரேக்குக்குள்ளேயே முடிந்துவிடும். எக்ஸ்எஃப்சிஇ போல எடை குறைந்த டெஸ்க்டாப், 5901-ம் போர்ட், அதுவும் லோக்கல்ஹோஸ்டில் மட்டும், வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் டன்னல் வழியாக. விஎன்சி போர்ட்டை நேராகத் திறந்து வைப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை, அதன் பழைய பாஸ்வேர்ட் முறை முதல் எட்டு எழுத்தை மட்டும்தான் பார்க்கும்.

இன்னொரு லாபமும் அதில் இருந்தது, அது நான் எதிர்பார்க்காதது. எக்ஸ் ஃபார்வர்டிங்கில் இணைப்பு அறுந்தால் விண்டோ செத்துவிடும், விஎன்சியில் திரை சர்வரிலேயே உயிரோடு நிற்கும். வீட்டில் இரவு பதினொன்றரைக்கு ஜூம் செய்து, கர்சர் வைத்து, நிறம் மாற்றி விட்டுவிட்டுத் தூங்கிய வேவ்ஃபார்மை, காலையில் லேப்பில் உட்கார்ந்து அதே கர்சரிலிருந்து பார்க்கத் தொடங்குகிறார் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் போட்ட அந்த இரண்டாவது மாணவர்.